வளவுப் பங்கும் தேர்த்துகளும்: 2323824530227200000000 என்ற பகு எண்ணின் ஆய்வு

வளவு என்பது செட்டிநாட்டின் பெரிய குடும்ப வீடு. அப்படி ஒன்றின் பாகப் பிரிவினையை எடுத்துக்கொள்வோம். வீடு கணக்குக்காக அமைத்துக்கொண்டது. ஆனால் காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டை பக்கத்தில் பத்திரம் எழுதும் யாருக்கும் பழகிய அமைப்புதான். கட்டியவருக்கு மூன்று பிள்ளைகள். முகப்பும் பட்டாலையும் பொது. உள்ளே ஒவ்வொருவருக்கும் ஓர் அறை, வேறு வைத்த பிறகு தனி அடுப்பு. மூன்று தலைமுறை கடந்தால் கிளை பிரிகிறது. மூத்தவர் கிளையில் 7 பேர். நடுவர் கிளையில் 4 பேர். அதில் ஒருவர் காலமாகி அவர் பங்கு 9 வாரிசுகளுக்குப் போகிறது. இளையவர் கிளையில் 5 பேர். அதில் ஒருவர் பங்கு 13 பேருக்கு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் பெண்களுக்கும் சமபங்கு தந்த 1989 தமிழ்நாட்டுத் திருத்தமும் 2005 மத்தியத் திருத்தமும் வந்தபின் 13 என்பது பெரிய எண்ணிக்கை அல்ல.

ஆக மொத்தம் 36 பங்காளிகள். மூத்தவர் கிளையில் ஆளுக்கு 1/21. நடுவர் கிளையில் மூவருக்கு 1/12, ஒன்பது பேருக்கு 1/108. இளையவர் கிளையில் நால்வருக்கு 1/15, பதின்மூவருக்கு 1/195.

இதைச் சதவீதமாக மாற்றி இரண்டு தசம இலக்கத்தில் நிறுத்தினால்: 4.76, 8.33, 0.93, 6.67, 0.51. எல்லாவற்றையும் கூட்டினால் 99.99 வரும். "புள்ளி பூஜ்யம் ஒன்றுதானே குறைகிறது" என்று அதைக் கடைசிப் பெயரில் சேர்த்து 100 ஆக்கிவிடுவது வழக்கம். தப்பு மொத்தத்தில் ஒளிந்திருக்கிறது. கிளையில் பார்த்தால் தெரியும். மூத்தவர் கிளை 33.32, நடுவர் கிளை 33.36, இளையவர் கிளை 33.31. மூன்றும் சமமாக இருக்கவேண்டியவை. சொத்தின் மதிப்பு 2 கோடி ரூபாய் என்றால் நடுவர் கிளைக்கும் இளையவர் கிளைக்கும் நடுவே 10,000 ரூபாய் வித்தியாசம். மேலே ஏறிய தப்பும் கீழே இறங்கிய தப்பும் ஒன்றையொன்று விழுங்கிவிடுவதால் கூட்டல் மட்டும் சுத்தமாகத் தெரிகிறது.

காரணம் 100 என்ற எண்ணின் உடம்பு. 100 = 2²·5². அதில் 3 இல்லை, 7 இல்லை, 13 இல்லை. பழைய ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை; மொத்தம் 192 பை = 2⁶·3. மூன்றில் ஒரு ரூபாய் என்றால் 5 அணா 4 பை, மிச்சமே இல்லை. 1957 ஏப்ரலில் ரூபாய் நூறு பைசாவானதும் அந்த 3 கையை விட்டுப் போயிற்று.

எந்தப் பங்கும் மிச்சமின்றி விழும்படி ஓர் அலகு உண்டா என்ற கேள்வி புதியதல்ல. தமிழின் கீழ்வாயிலக்க வாய்பாடு, அதாவது பின்ன அளவுகளின் வாய்பாடு, அதே கேள்வியைத் தன் வழியில் சந்தித்திருக்கிறது. முந்திரி 1/320 என்பது கணக்குப் பிள்ளைகள் எல்லோரும் அறிந்தது. அதற்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் கடைசிப் படி தேர்த்துகள். அது ஒன்றின் 2,32,38,24,53,02,27,20,00,00,000-இல் ஒரு பங்கு. 22 இலக்கம், ஏறக்குறைய 2.32 கோடி கோடி கோடி. இந்த ஆய்வின் பொருள் அந்தப் பகுதி எண்தான் (பின்னத்தில் கோட்டுக்குக் கீழே வரும் எண்). இனி அதைச் சுருக்கமாக "தே" என்று குறிப்போம்.

எண் கட்டப்பட்ட விதம்

வாய்பாட்டை மேலிருந்து கீழாக எழுதினால்:

1 = 320 முந்திரி
1 முந்திரி = 320 கீழ்முந்திரி
1 கீழ்முந்திரி = 21 இம்மி
1 இம்மி = 11 மும்மி
1 மும்மி = 7 அணு
1 அணு = 9 குணம்
1 குணம் = 5 பந்தம்
1 பந்தம் = 6 பாகம்
1 பாகம் = 7 விந்தம்
1 விந்தம் = 17 நாகவிந்தம்
1 நாகவிந்தம் = 14 சிந்தை
1 சிந்தை = 20 கதிர்முனை
1 கதிர்முனை = 40 குரல்வளைப்படி
1 குரல்வளைப்படி = 60 வெள்ளம்
1 வெள்ளம் = 100 நுண்மணல்
1 நுண்மணல் = 6½ தேர்த்துகள்

எல்லாவற்றையும் பெருக்கினால் தே வருகிறது. இடையில் வரும் பகுதி எண்களில் சில: கீழ்முந்திரி 1,02,400, இம்மி 21,50,400, அணு 16,55,80,800, குணம் 149,02,27,200, வெள்ளம் 3575114661888000000, நுண்மணல் 357511466188800000000.

இந்த "அணு" இயற்பியல் அணு அல்ல, இந்த "வெள்ளம்" பேரெண்ணான வெள்ளமும் அல்ல. தேர்த்துகளை நுண்துகளின் அளவாக எடுத்துக்கொண்டு பெருமை பேசுவது பரவலாக இருக்கிறது. அது நீள அளவு அல்ல, வெறும் பின்னம். எதன் பங்கு என்று சொன்னால்தான் அதற்கு அளவு உண்டு. ஒரு வேலி நிலத்தில் தேர்த்துகள் வேறு, ஒரு கலம் நெல்லில் தேர்த்துகள் வேறு. இந்த எண்ணின் உண்மையான பெருமை அதன் காரணிகளில் இருக்கிறது.

படியெடுக்கும்போது ஒரு பூஜ்யம் விடுபடுவது, ஓர் இலக்கம் இடம் மாறுவது சாதாரணம். அதைக் கண்டுபிடிக்க அடுத்தடுத்த எண்களை வகுத்துப் பார்க்கவேண்டும். விடைகள் மேலே உள்ள 320, 21, 11, 7, 9 என்ற வரிசையில் வரவேண்டும். உதாரணமாக இம்மியின் பகுதி எண் 10,75,200 என்று பாதியாக எழுதப்பட்டிருந்தால் கீழ்முந்திரி-இம்மி விகிதம் 10½ ஆகும், இம்மி-மும்மி விகிதம் 22 ஆகும். ஒரு விகிதம் பாதி, அடுத்தது இரட்டை. இப்படிப் பக்கத்துப் பக்கத்து இரண்டு விகிதங்கள் எதிரெதிராகப் பிசகினால் நடுவில் உள்ள எண் ஒன்றுதான் பிழை. ஒரே ஒரு விகிதம் மட்டும் பிசகினால் அந்த இடத்திலிருந்து கீழே உள்ள எல்லா எண்களும் சேர்ந்து நகர்ந்திருக்கின்றன என்று பொருள்.

தேர்த்துகளுக்கு மட்டும் இந்தச் சோதனை முழுமையாக உதவாது. அது கடைசி எண். கீழிருந்து சாட்சி சொல்ல இன்னொன்று இல்லை. ஆகவே ஆறரை என்ற வித்தியாசமான விகிதத்தை வேறு வழியில்தான் எடைபோட வேண்டியிருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

கையாலேயே சரிபார்த்தல்

தேயின் கடைசியில் 8 பூஜ்யங்கள். அவற்றை நீக்கினால் 23238245302272 என்ற 14 இலக்க எண் மிஞ்சும். இலக்கங்களின் கூட்டல் 45. எனவே 9 வகுக்கும்.

அடுத்து 7, 11, 13 மூன்றையும் ஒரே வீச்சில் சோதிக்கலாம், ஏனெனில் 7 × 11 × 13 = 1001. எண்ணை வலமிருந்து மும்மூன்று இலக்கமாக வெட்டி, மாற்றி மாற்றிக் கூட்டிக் கழிக்கவேண்டும்:

272 − 302 + 245 − 238 + 23 = 0

விடை 0 என்றால் 1001 மிச்சமின்றி வகுக்கும். எழுதப்படிக்கத் தெரிந்த யாரும் கரும்பலகையில் அரை நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனை இது. ஓர் இலக்கம் மாறியிருந்தாலும், அடுத்தடுத்த இரண்டு வெவ்வேறு இலக்கங்கள் இடம் மாறியிருந்தாலும் 0 வராது. பூஜ்யம் விடுபட்டதை மட்டும் இது பிடிக்காது. அதைத் தனியாக எண்ணிக்கொள்ளவேண்டும்.

முழுக் காரணிப்படுத்தல்:

தே = 2²² · 3⁵ · 5⁸ · 7⁴ · 11 · 13 · 17

2-இன் அடுக்கு எப்படி 22 ஆகிறது என்பதைத் தனியே பார்ப்பது நல்லது, பலர் இங்கேதான் 23 என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டு 320-களிலிருந்து 12, 6-இலிருந்து 1, 14-இலிருந்து 1, 20-இலிருந்து 2, 40-இலிருந்து 3, 60-இலிருந்து 2, 100-இலிருந்து 2. கூட்டினால் 23. ஆனால் கடைசி விகிதம் 6½ = 13/2. அது 13-ஐக் கொண்டுவந்து, ஒரு 2-ஐத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. ஆகவே 22.

அடுக்குகளோடு ஒன்றொன்று கூட்டிப் பெருக்கினால் வகுத்திகளின் (மிச்சமின்றி வகுக்கும் எண்களின்) எண்ணிக்கை: 23 × 6 × 9 × 5 × 2 × 2 × 2 = 49,680. வகுத்திகள் எல்லாவற்றின் கூட்டல் தேயைப்போல ஏறக்குறைய 5.43 மடங்கு. தேயோடு பொதுக் காரணி இல்லாத எண்கள் நூற்றுக்குச் சுமார் 18 மட்டுமே.

1/தே என்பதைத் தசமத்தில் எழுதினால் முதல் 22 இலக்கம் சுழற்சிக்கு வெளியே நிற்கும். அதன்பின் 1,48,176 இலக்கம் கொண்ட சுழற்சி ஓடும். 22 வருவது 2²²-ஆல். சுழற்சியின் நீளம் 3⁵-க்கு 27, 7⁴-க்கு 2058, 11-க்கு 2, 13-க்கு 6, 17-க்கு 16 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு (மீ.சி.ம.). அடுக்கடுக்கான வாய்பாட்டில் பதினாறு சொல்லில் அடங்குவது, தசமத்தில் ஒரு புத்தகம் முழுக்க இலக்கமாகிறது.

எந்தப் படியில் எந்தப் பகா எண்

2 முதல் 17 வரை பகா எண்கள் ஏழு: 2, 3, 5, 7, 11, 13, 17. தேயில் ஏழும் இருக்கின்றன. எட்டாவது ஒன்று இல்லை. அதனால் 1 முதல் 18 வரை எந்த எண்ணாலும் தே மிச்சமின்றி வகுபடும். முதலில் தடுமாறுவது 19. 1 முதல் 100 வரை எடுத்தால் 67 எண்கள் வகுக்கும், 33 வகுக்காது. அந்த 33-உம் 19-ஓ அதற்கு மேற்பட்ட பகா எண்ணோ உள்ளே ஒளிந்திருப்பவை: 19, 23, 29, 38, 46 என்பவைபோல. நூறைத் தாண்டினால் வேறு வகைத் தடையும் உண்டு. 121 வகுக்காது, ஏனெனில் 11 ஒரு தடவைதான் இருக்கிறது. 169, 289 ஆகியவையும் அப்படியே.

இந்த ஏழும் ஒரே நேரத்தில் வரவில்லை. முந்திரியிலும் கீழ்முந்திரியிலும் 2-உம் 5-உம் மட்டுமே. அரைக்கால், மாகாணி, மா, காணி எல்லாம் பாதியாக்கியும் ஐந்தாக்கியும் வந்தவை. மூன்றில் ஒன்று அங்கே எழுதவே முடியாது. கீழ்முந்திரிக்கு 21 இம்மி என்ற இடத்தில் 3-உம் 7-உம் ஒன்றாக நுழைகின்றன. அடுத்த படியில் 11. நாகவிந்தத்தில் 17.

9-ஐப் பாருங்கள். செட்டிநாட்டு நகரத்தார் சமூகத்தின் கோயில்கள் ஒன்பது: இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி. ஒன்றை ஒன்பது கோயிலுக்கும் சமமாகப் பிரிக்க இம்மி போதாது, அதில் ஒரே ஒரு 3தான் உண்டு. மும்மி, அணு இரண்டும் புதிய 3 எதையும் தருவதில்லை. குணத்துக்கு இறங்கினால்தான் 1/9 மிச்சமின்றி நிற்கும். செட்டிநாட்டுக்குச் சொல்லப்படும் 96 ஊர்க் கணக்கோ ஒரு கலத்துக்கு 96 படி என்ற கணக்கோ அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை; 96 = 2⁵·3, இம்மியிலேயே முடிந்துவிடும்.

மீதி இருந்தது 13 மட்டும். அதைக் கொண்டுவருவது ஆறரைதான். நுண்மணல் வரை உள்ள எண்ணில் 2, 3, 5, 7, 11, 17 ஆறும் இருக்க 13 மட்டும் விடுபட்டிருக்கிறது. கடைசிப் படி அந்த ஒரே ஓட்டையைத்தான் அடைக்கிறது. வாய்பாட்டுக்காரர் மனதில் என்ன இருந்தது என்று சொல்ல ஆவணம் தேவை. ஆனால் ஆறரையை எழுத்துப் பிழை என்று தள்ள இந்த எண்ணின் உடம்பு இடம் கொடுக்கவில்லை. 6 என்றோ 65 என்றோ இருந்தால் 65-இல் 13 வரும், 6-இல் வராது. 65 என்றால் தே பத்து மடங்காகிப் பூஜ்யம் ஒன்பதாகியிருக்கும். எண்ணும் எட்டுப் பூஜ்யம்தான் காட்டுகிறது, வாய்பாடும் ஆறரை என்றே சொல்கிறது.

பங்குகளை எழுதிப் பார்த்தல்

முறை எளிது. பங்கு 1/k என்றால், 1,02,400-ஐ k-ஆல் வகுத்து ஈவைக் கீழ்முந்திரியாக எழுது. மீதியை 21-ஆல் பெருக்கி மறுபடி k-ஆல் வகு. அந்த ஈவு இம்மி. மீதியை 11-ஆல் பெருக்கு, மறுபடி வகு. மீதி 0 ஆகும் இடத்தில் நிறுத்து.

1/21: ஈவு 4876, மீதி 4. 4 × 21 = 84, ஈவு 4, மீதி 0. 4876 கீழ்முந்திரி என்பது 15 முந்திரியும் 76 கீழ்முந்திரியும். 15 முந்திரியைப் பிரித்தால் 8 + 4 + 2 + 1, அதாவது அரைமா, காணி, அரைக்காணி, முந்திரி ஒவ்வொன்றும் ஒன்று. எனவே மூத்தவர் கிளையில் ஒருவர் பங்கு: அரைமா காணி அரைக்காணி முந்திரி, 76 கீழ்முந்திரி, 4 இம்மி. சுத்தமாக முடிந்தது.

1/108: 2 முந்திரி, 308 கீழ்முந்திரி, 3 இம்மி, 1 மும்மி, 1 அணு, 5 குணம். 108 = 2²·3³ என்பதால் குணத்தில் முடிகிறது.

1/195-தான் இந்த ஆய்வின் முள். 195 = 3·5·13. 13 இருப்பதால் கடைசிப் படி வரை போயாகவேண்டும். ஈவுகள் வரிசையாக: 525 கீழ்முந்திரி (1 முந்திரி 205 கீழ்முந்திரி), 2 இம்மி, 7 மும்மி, 4 அணு, 2 குணம், 3 பந்தம், 5 பாகம், 0 விந்தம், 9 நாகவிந்தம், 2 சிந்தை, 3 கதிர்முனை, 3 குரல்வளைப்படி, 4 வெள்ளம், 61 நுண்மணல். இங்கே மீதி 105. அதை 6½-ஆல் பெருக்கினால் 682½. 195-ஆல் வகுத்தால் 3½.

மூன்றரைத் தேர்த்துகள். மிகச் சிறிய அலகிலும் ஓர் அரை தொக்கி நிற்கிறது. 195 தேயை மிச்சமின்றி வகுக்கிறது என்று காரணிகள் சொல்கின்றன; தே ÷ 195 = 11917048872960000000, முழு எண். பிறகு அரை எங்கிருந்து வந்தது?

61 ஒற்றை எண் என்பதிலிருந்து. ஒரு நுண்மணல் முழுத் தேர்த்துகள்களாகப் பிரியாது. இரண்டு நுண்மணல்தான் 13 தேர்த்துகள். 61 நுண்மணல் = 396½ தேர்த்துகள். அதில் உள்ள அரையும் மீதியில் உள்ள அரையும் சேர்ந்தால் 400, முழு எண். சரியாக எழுத ஒரு நுண்மணலைக் கீழே இறக்கவேண்டும்: 60 நுண்மணல், 10 தேர்த்துகள். பத்து என்பது ஆறரையை மிஞ்சுகிறதே என்று தோன்றும். மிஞ்சத்தான் வேண்டும். இந்த ஒரு படியில் நுண்மணலை இரட்டை எண்ணாக வைத்துக்கொண்டு தேர்த்துகளை 0 முதல் 12 வரை விட்டால் எல்லா முழுப் பங்கும் ஒரே ஒரு விதமாக எழுதப்படும். வழக்கப்படி மேலிருந்து நிரப்பிக்கொண்டு வந்தால் பல பங்குகள் அரையில் போய் மாட்டும்.

இதன் இன்னொரு முகம்: வாய்பாட்டில் உள்ள பதினாறு அலகுகளுக்கும் பொதுவான மிகச் சிறிய அலகு தேர்த்துகள் அல்ல. நுண்மணலின் பகுதி எண் தேயை வகுக்காது; மற்ற எல்லாம் வகுக்கும். பதினாறுக்கும் பொதுவான மீ.சி.ம. 2 × தே = 4647649060454400000000. வகுத்திகள் 51,840. கணினியில் பழைய பின்னங்களைக் கூட்ட நிரல் எழுதுகிறவர்கள் தேயை அடிப்படை அலகாக வைத்தால், நுண்மணல் ஒற்றையாக வரும் எல்லா இடத்திலும் விடை பிசகும். அரைத் தேர்த்துகளை அடிப்படையாக வைக்கவேண்டும். வாய்பாட்டில் ஆறரைக்குப் பதில் பதின்மூன்று இருந்திருந்தால் இந்தச் சிக்கலே கிடையாது.

கணினியில் நடப்பது

64 பிட் குறியுடைய முழு எண்ணின் உச்சம் 9223372036854775807. வெள்ளத்தின் பகுதி எண் அதற்குள் அடங்கும், நுண்மணல் அடங்காது. தேயைக் கட்டாயமாக அதில் திணித்தால் எச்சரிக்கை இல்லாமல் −465223060203503616 என்று எதிர்மறையில் நிற்கும். குறியில்லாத வகையில் 17981521013506048000. இரண்டும் பார்வைக்கு எண்ணாகத்தான் இருக்கும். பிழை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

எக்செல் போன்ற விரிதாளில் நடப்பது வேறு. விரிதாள் 15 இலக்கத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாது என்பதால் 22 இலக்க எண் சிதையும் என்று எதிர்பார்ப்போம். தே சிதைவதில்லை. பூஜ்யம் நீங்கலாக அதற்கு 14 இலக்கம்தான். உள்ளே மிதவைப் புள்ளி வடிவிலும் (கணினி தசம எண்களை வைத்துக்கொள்ளும் வடிவம்) சரியாக உட்காருகிறது: 2²²-ஐ நீக்கினால் மிஞ்சும் ஒற்றை எண் 554042942578125, இது 2⁵³-க்கு உள்ளே. அதனால் திரையில் எண்ணைச் சரியாகப் பார்த்து நம்பிவிடுகிறோம். தப்பு கூட்டலில் வரும். இந்த அளவில் அடுத்தடுத்த மிதவை எண்களுக்கு இடையே இடைவெளி 2,62,144. தேயோடு 1,31,072 வரை எதைக் கூட்டினாலும் விடை தேயாகவே நிற்கும். ஒவ்வொரு தேர்த்துகளாக நாளெல்லாம் கூட்டினாலும் எண் அசையாது. 19-ஆல் வகுத்து மீதி கேட்டால் விரிதாளின் மாட் சார்பு விடையே தராமல் பிழைக் குறி காட்டும். அதாவது ஏமாற்றாமல் கையை விரிக்கிறது, அது நல்லதுதான்.

பைத்தானின் முழு எண்ணுக்கு இலக்க வரம்பு இல்லாததால் அங்கே எல்லாம் சரியாக நடக்கும். ஒரே எச்சரிக்கை: ஒற்றைச் சாய்கோட்டால் வகுக்காமல் இரட்டைச் சாய்கோட்டால் வகுக்கவேண்டும். ஒற்றைக் கோடு முழு எண்ணை மிதவையாக மாற்றிவிடும். பின்னங்களுக்கென்றே உள்ள ஃப்ராக்ஷன் வகையைப் பயன்படுத்தினால் அந்தக் கவலையும் இல்லை.

இராமானுஜன் அளவுகோல்

வகுத்திகள் நிறைய வேண்டும் என்பதே நோக்கமானால் தே சிக்கனமான எண்ணா? இதற்கு அளவுகோல் இராமானுஜன் 1915-இல் லண்டன் கணிதக் கழக வெளியீட்டில் எழுதிய மிகு பகு எண்கள் பற்றிய கட்டுரை. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணையும்விட அதிக வகுத்திகள் உடையது மிகு பகு எண். அப்படிப்பட்ட எண்ணில் அடுக்குகள் 2-இலிருந்து மேலே போகப்போக ஏறக்கூடாது. தேயில் 3-இன் அடுக்கு 5, 5-இன் அடுக்கு 8. ஏறிவிட்டது. இரண்டையும் இடம் மாற்றி 3⁸·5⁵ என்று வைத்தால் 501946098529075200000 கிடைக்கும். வகுத்திகள் அதே 49,680, எண் மட்டும் கால்பங்குக்கும் குறைவு.

இராமானுஜன் பட்டியலின் கடைசி எண் 6746328388800 = 2⁶·3⁴·5²·7²·11·13·17·19·23. வகுத்திகள் 10,080. அதை 29, 31, 37 மூன்றாலும் பெருக்கினால் 224403121196654400; 18 இலக்கம், வகுத்திகள் 80,640. தேயைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் சிறியது, வகுத்திகளோ ஒன்றரை மடங்குக்கும் மேல். (அந்தப் பட்டியலில் 293318625600 என்ற எண் விடுபட்டிருக்கிறது. அது 2⁶·3⁴·5²·7²·11·13·17·19, வகுத்திகள் 5,040. கையால் போட்ட கணக்கில் ஒன்று தவறுவது இவருக்கும் நேர்ந்திருக்கிறது.) காரைக்குடிக்குக் கல்லூரி தந்த கோட்டையூர் அழகப்பச் செட்டியார்தான் 1950-இல் சென்னையில் இராமானுஜன் பெயரில் கணித நிறுவனம் தொடங்கினார், தி. விஜயராகவன் முதல் இயக்குநர். செட்டிநாட்டுக் காசு இந்த எண்களைப் படிக்கவும் செலவாகியிருக்கிறது.

சிக்கனம் இல்லாததைக் குறை என்று சொல்லமாட்டோம். 2²²-உம் 5⁸-உம் வந்தது பெரும்பாலும் 320, 20, 40, 60, 100 என்ற புழக்க விகிதங்களால். வாயால் சொல்லி மனப்பாடம் செய்யும் கணக்குக்கு அவைதான் நாவில் நிற்கும். 19, 23 போன்ற எண்ணிக்கையில் பங்காளிகள் வந்தால் மட்டும் வாய்பாடு கைவிடும்.

வளவுக்குத் திரும்பினால்

36 பங்காளிகளின் பத்திரத்துக்குத் தே வேண்டாம். நடைமுறைக்கு வேண்டியது இந்த வீட்டுக்குரிய மீ.சி.ம. மட்டும். 21 = 3·7, 12 = 2²·3, 108 = 2²·3³, 15 = 3·5, 195 = 3·5·13. ஒவ்வொரு பகா எண்ணுக்கும் மிகப்பெரிய அடுக்கை எடு: 2²·3³·5·7·13 = 49,140. வீடு 49,140 பங்கு. ஆளுக்கு முறையே 2,340, 4,095, 455, 3,276, 252.

சரிபார்ப்பை மொத்தத்தில் மட்டும் செய்யக்கூடாது, கிளை கிளையாகச் செய்யவேண்டும். மூத்தவர் கிளை 7 × 2,340 = 16,380. நடுவர் கிளை 3 × 4,095 + 9 × 455 = 16,380. இளையவர் கிளை 4 × 3,276 + 13 × 252 = 16,380. மூன்றும் சமம், கூட்டினால் 49,140. பிறகு ஒரு பங்காளியின் கிளை இன்னும் பிரிந்தால் அந்த எண்ணிக்கையின் காரணிகளைப் பார். 49,140-இல் இல்லாத பகா எண்ணோ அடுக்கோ இருந்தால் அதனால் மட்டும் எல்லாவற்றையும் பெருக்கு. பழைய பங்குகளின் விகிதம் மாறாது.

பத்திரத்தில் "மொத்தம் 49,140 பங்கில் 252 பங்கு" என்றே எழுதவேண்டும். சதவீதம் தேவைப்பட்டால் பக்கத்தில் தகவலாக இருக்கட்டும், பங்கு அதிலிருந்து பிறக்கக்கூடாது. 2 கோடி ரூபாயைப் பங்கிலிருந்து நேரே ரூபாயாக்கிக் கடைசியில் மட்டும் பைசாவுக்கு முழுமையாக்கினால்: 1/21-க்கு 9,52,380.95, 1/12-க்கு 16,66,666.67, 1/108-க்கு 1,85,185.19, 1/15-க்கு 13,33,333.33, 1/195-க்கு 1,02,564.10. கிளைகள் 66,66,666.65, 66,66,666.72, 66,66,666.62 என்று நிற்கும். முன்பு 10,000 ரூபாயாக இருந்த வித்தியாசம் இப்போது 10 பைசா. மொத்தத்தில் குறையும் ஒரு பைசாவை எந்தக் கிளையில் சேர்ப்பது என்பதையும் பத்திரத்திலேயே ஒரு வரியாக எழுதிவிடலாம். மிகவும் குறைந்து நிற்கும் இளையவர் கிளையில் சேர்ப்பதே முறை.